சத்தக்காரர் வாய் திறக்காத நாள்

வாயைத் திறக்காமல் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதர் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மதியத்துக்குள் பெரிய பதவிக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டார். ரொம்பக் கெட்டிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது. அவ்வளவுதான்.

படங்கள் பேசாத காலம் அது. திரையில் ஆட்கள் ஓடுவார்கள், விழுவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒரு சத்தமும் வராது. அந்தக் குறையைத் தீர்க்கத் திரைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். குதிரை ஓடினால் இரண்டு கொட்டாங்கச்சியைப் பலகையில் தட்டுவார். இடி இடித்தால் தகரத்தை உலுக்குவார். மழைக்குத் தட்டில் காய்ந்த பட்டாணி. கன்னத்தில் அறை விழுந்தால் பழைய செருப்பு இரண்டைச் சேர்த்து ஒரு போடு. நம்முடைய ஆளுக்கு அதுதான் வேலை. அதனால் ஊரே அவரைச் சத்தக்காரர் என்று கூப்பிட்டது. அவர் மனைவி அதே சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தார். அந்த அம்மாளுக்குச் சத்தம் போடத் தனியாகச் சாமான் எதுவும் தேவைப்பட்டதில்லை.

பின்னாலேயே உட்கார்ந்து பார்த்ததால் சத்தக்காரர் எல்லாப் படத்தையும் இடம் வலம் மாறித்தான் பார்த்திருந்தார். அவர் கண்ட உலகத்தில் எல்லோரும் இடது கையால் குலுக்கினார்கள், இடது கையால் சாப்பிட்டார்கள், இடது கையால் அறைந்தார்கள். படத்துக்கு நடுவே எழுத்து அட்டை வரும் அல்லவா, ‘மறுநாள் காலை’ என்றும் ‘ஐயோ, அவரேதான்!’ என்றும்? அதை முன்னால் ஒருவர் நின்று உரக்கப் படிப்பார். சத்தக்காரர் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் குரலைக் கேட்டு, திரைத் துணியில் தெரியும் எழுத்தோடு சேர்த்துப் பார்த்து, தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். கற்றதெல்லாம் திருப்பிப் போட்ட எழுத்து. கண்ணாடியில் தெரிகிற எழுத்தைக் கடகடவென்று படிப்பார். நேராக எழுதியிருந்தால் மட்டும் நின்று, தலையைச் சாய்த்து, வெகுநேரம் முறைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சங்கதியை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எந்தப் படம் வந்தாலும் முதலில் ஒரு சபை பார்க்க வேண்டும். ‘பொதுக்காட்சி நற்பண்புப் பாதுகாப்புச் சபை’ என்பது அதன் பெயர். மூச்சு முட்டாமல் சொல்ல முடியாததால் ஜனங்கள் அதைக் கத்தரிக்கோல் சபை என்றார்கள். போன படத்தைச் சபை வெட்டிய வெட்டில், கதாநாயகி வீட்டு வாசற்கதவைத் திறந்தாள், உடனே ‘முற்றும்’ வந்தது. அதற்கு முந்தின படத்தில் ‘முற்றும்’ மட்டும்தான் மிச்சம். பார்க்க வந்தவர்கள் நாற்காலியை உடைத்தார்கள்.

கொட்டகை முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “இந்தச் சிரிப்புப் படத்தையும் வெட்டிட்டாங்கன்னா சரி, போதும். கொட்டகையைத் தானியக் கிடங்கா மாத்திடறேன். மூட்டைங்க நாற்காலியை உடைக்காது.”

தானியக் கிடங்குக்குச் சத்தக்காரர் எதற்கு? டிக்கெட் கொடுக்கிற அம்மாள்தான் எதற்கு? புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

அன்று காலையில்தான் பல் டாக்டர் சத்தக்காரருடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, பள்ளத்தில் பஞ்சை அடைத்தார். “பொழுது சாயற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பேசக் கூடாது. சிரிக்கவும் கூடாது. திறந்தா ரத்தம் நிக்காது, சொல்லிட்டேன்.”

மனைவி சொன்னார்: “இவருக்குப் பேச்சு எங்க வருது டாக்டர், சத்தம்தான் வரும்.”

கொட்டகைக்கு வந்து மனைவி இதைச் சொன்னதும் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப படப்பெட்டியை எடுத்துக்கிட்டு நீயே போப்பா. நான் போனப்பல்லாம் பேசித்தான் கெட்டேன். நீ போய்ச் சும்மா நின்னுட்டு, பாத்து முடிச்சதும் பெட்டியை வாங்கிட்டு வந்துடு.”

சபைக்குள் போகக் கோட்டு வேண்டும். முன்பு படத்துக்கு இடையில் வித்தை காட்டிய ஒரு மாயவித்தைக்காரர் விட்டுப்போன கோட்டு கொட்டகையில் தொங்கியது. வெல்வெட்டுக் கழுத்து, வெள்ளிப் பொத்தான். சத்தக்காரர் அதை மாட்டிக்கொண்டார். ஆள் அடையாளமே தெரியவில்லை. காலில் மட்டும் அவருடைய பழைய செருப்பு. முன்பக்கம் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

சபையின் பின்வாசலில், கூட வந்த தள்ளுவண்டியிலிருந்து படப்பெட்டிகளை இறக்கினார்கள். கூடவே நுழையப் போனவரைச் சேவகர் தடுத்தார். “இது சாமான் வர்ற வாசல். மனுஷங்க முன்வாசல்.”

முன்வாசலுக்குப் போனால் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அன்றைக்குத்தான் தலைநகரத்திலிருந்து சபைக்குப் புதுத் தலைவர் வருவதாக இருந்தது. யாரும் அவரைப் பார்த்ததில்லை. வரவேற்கப் போனவர்கள் ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியை மட்டும் தேடிவிட்டு, ஆளைக் காணோமே என்று கையைப் பிசைந்துகொண்டு திரும்பியிருந்தார்கள். வாசலில் செயலாளர் பூங்கொத்தோடு நின்றார். அவர் ஒல்லியானவர், எதற்கும் முதுகை வளைக்கத் தயாராக இருப்பவர்.

சத்தக்காரர் படியேறினார். கதவுக்கு மேலே பெரிய பலகை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நின்றார். தலையை இடது பக்கம் சாய்த்தார். பிறகு வலது பக்கம். புருவத்தைச் சுருக்கினார். எழுத்து பிடிபடவில்லை. பெருமூச்சு விட்டார்.

செயலாளர் அவசரமாகப் பலகையை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பலகை கோணலாகத் தொங்குவது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாரே!

“வரணும், வரணும்! பலகையை இன்னிக்கே நேராக்கிடறோம், ஐயா.”

சத்தக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பெரியவர்கள் பேசமாட்டார்கள் என்பது செயலாளரின் நெடுநாளைய கொள்கை. அது சரிதான் என்று அன்று நிரூபணமாயிற்று.

உள்ளே நீளமான மேஜை. மூன்று அங்கத்தினர்கள் எழுந்து நின்றார்கள்: ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி, ஒழுக்கம் கற்பிக்கும் ஒரு பேராசிரியர், பெரிய இடத்து அம்மையார் ஒருவர். காலியாக இருந்தது ஒரே நாற்காலி. கால் வலிக்க நின்றவர் காலி நாற்காலியைக் கண்டால் என்ன செய்வார்? சத்தக்காரரும் அதைத்தான் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நமக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் அவரும் தட்டினார்.

சபையின் சம்பிரதாயம் தொடங்கியது. பட்டு மெத்தையில் தங்கமுலாம் பூசிய கத்தரிக்கோலைச் சேவகர் ஏந்தி வந்தார். எல்லோரும் மறுபடி எழுந்து அதற்குத் தலை வணங்கினார்கள். அந்தக் கத்தரிக்கோல் காகிதத்தைக்கூட வெட்டாது. ஒரு காட்சியை வெட்டச் சொல்லிச் செயலாளர் மணி அடிக்கும்போதெல்லாம் சேவகர் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வார். கூட்டம் கலைந்த பிறகு பின்னறையில் சவர பிளேடால் வெட்டுவார். தங்கக் கத்தரிக்கோல் வணங்க, பிளேடு வெட்ட. சபையில் பலருக்கும் வேலை அப்படித்தான் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

செயலாளர் வரவேற்புரை ஆற்றினார். “நமது சபை தோன்றிய நாள் முதல் இன்றுவரை எந்தப் படத்தையும் அவசரப்பட்டு அனுமதித்ததில்லை. சிலர் கேட்கிறார்கள், நீங்கள் படத்தைப் புரிந்துகொண்டுதான் வெட்டுகிறீர்களா என்று. புரிந்துகொள்ளும்வரை காத்திருந்தால் எப்போது வெட்டுவது?”

பலத்த கைதட்டல்.

தேநீர் வந்தது. ஆவி பறந்த கோப்பையைச் சத்தக்காரர் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மற்றவர்களும் தள்ளி வைத்தார்கள். பல் பிடுங்கிய இடத்தில் விண்விண்ணென்று தெறித்தது. குளிர்ந்த கரண்டியை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். நீதிபதி அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் பேராசிரியரைப் பார்த்தார். பிறகு மூவரும் கரண்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள்.

வலி அடங்கவில்லை. தாடையைக் கட்டிக்கொள்ளத் துணி ஏதாவது இருக்குமா என்று கோட்டுப் பையில் கைவிட்டார். சிவப்புப் பட்டுக் கைக்குட்டை ஒன்று அகப்பட்டது. இழுத்தார். அதன் நுனியில் மஞ்சள் கைக்குட்டை. அதன் நுனியில் பச்சை. பிறகு நீலம். மாயவித்தைக்காரர் கோட்டு என்று சொன்னேனே! அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நிறுத்தவும் தெரியவில்லை, திரும்ப உள்ளே திணிக்கவும் தெரியவில்லை. கடைசியில் சிவப்பை மட்டும் அவிழ்த்துத் தாடையைச் சுற்றித் தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மிச்சக் கைக்குட்டைகள் மேஜைமேல் குவிந்து கிடந்தன.

“எங்களுக்கும் கொண்டு வந்திருக்காரு,” என்றார் அம்மையார், குரல் தழுதழுக்க.

பேராசிரியர் எழுந்து விளக்கினார்: “இதைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்கிறேன். வாய் என்பது ஒழுக்கத்தின் வாசல். தாடை என்பது அதன் கதவு. கதவைக் கட்டி வைப்பதே உயர்ந்த நாகரிகம். தலைநகரத்தில் எல்லோரும் இப்போது இப்படித்தான்.”

பேராசிரியர் தலைநகரத்தைப் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு கைக்குட்டை பிரிந்தது. நீதிபதிக்கு மஞ்சள், அம்மையாருக்குப் பச்சை, பேராசிரியருக்கு நீலம். செயலாளருக்குப் பங்கு வராமல் போனதால் தன் கழுத்துப்பட்டையையே கழற்றித் தாடையில் கட்டிக்கொண்டார். இப்போது மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால் பல் ஆஸ்பத்திரி வரிசை மாதிரி இருந்தது. சிரிக்காதீர்கள், இன்னும் படமே ஆரம்பிக்கவில்லை.

இந்த நேரத்தில் வழி தெரியாமல் பின்வாசலில் நிஜமான தலைவர் வந்து நின்றார். குட்டையான மனிதர், வாய் ஓயாமல் பேசுபவர். பேச்சுத் துணை வேண்டும் என்பதற்காகவே கூட்டமான மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பயணம் செய்தவர். மழையில் நனைந்து, கையில் வட்டமான தகரப் பெட்டியோடு வந்தார். அதில் அவருடைய தொப்பி இருந்தது. சேவகர் கண்ணுக்கு வட்டத் தகரப் பெட்டி என்றால் படச்சுருள்தான்.

“இன்னும் ஒரு பெட்டி பாக்கியா? குடுத்துட்டு உள்ள வந்து உக்காருங்க.”

“நான்தாம்ப்பா தலைவர்!”

“தலைவர் உள்ள இருக்காரு.”

“உள்ள எப்படிய்யா இருப்பேன்? இங்கல்ல நிக்கறேன்!”

“இவ்வளவு பேசறீங்களே, இதுல இருந்தே தெரியலியா நீங்க தலைவர் இல்லைன்னு? பாவம், நனைஞ்சிருக்கீங்க. இந்தாங்க ரொட்டி. திரைக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு இருக்கு, காத்து வராது.”

இப்படியாகத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டியவர் பின்னாலும், பின்னால் உட்கார வேண்டியவர் முன்னாலும் உட்கார்ந்தார்கள். விளக்கை அணைத்தார்கள்.

படம் என்ன படம்? பெரிய ஓட்டலில் பரிமாறும் ஒரு சர்வர், மழைக்கு ஒதுங்கும்போது யாரோ ஒருவருடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறான். ஊர்ப் பிரமுகர்கள் அவனை வெளிநாட்டு இளவரசன் என்று நினைத்து விருந்து வைக்கிறார்கள். பழக்கதோஷத்தில் அவன் கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொள்ள, பிரமுகர்கள் எல்லோரும் கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள்.

சத்தக்காரர் வாழ்நாளில் முதல்முறையாகப் படத்தை முன்னாலிருந்து பார்த்தார். மனிதர்கள் வலது கையால் சாப்பிட்டார்கள்! என்ன அதிசயம் என்று வாயைப் பிளக்கப் போனார். சுரீர் என்று வலித்தது. முகத்தைச் சுளித்தார்.

டிங்! செயலாளர் மணி அடித்தார். “தலைவருக்குப் பிடிக்கலை. விருந்து வெட்டு.”

சத்தக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. சர்வர் குளத்தில் விழுந்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கினார், பஞ்சு அழுத்தியது, முகம் கோணியது. டிங்! குளம் வெட்டு. பணக்காரர் மகள் சர்வரின் மூக்கைத் துடைத்தாள். டிங்! மூக்கு வெட்டு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் வாய் ஒவ்வொரு முறை தெறிக்கும்போதும் படத்திலிருந்து ஒரு துண்டு போகிறது. காப்பாற்ற வந்த படத்தைத் தன் முகமே தின்றுகொண்டிருக்கிறது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் தானியம் அடுக்கியிருப்பது கண்முன் தெரிந்தது. டிக்கெட் ஜன்னலுக்குள் மனைவி இருக்கும் இடத்தில் ஒரு எலி.

முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். வலிக்கு அது தெரியுமா? கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“தலைவர் கண் கலங்கறாரு,” என்றார் செயலாளர். “அடுத்த ரெண்டு காட்சியையும் சேர்த்தே வெட்டிடுங்க. வர்றது எதுவா இருந்தா என்ன?” டிங்! டிங்!

அந்தச் சமயம் பார்த்துத் திரையில் ஒரு குதிரை வண்டி பறந்தது. என்ன செய்வது, கை பழகிவிட்டது. சத்தக்காரர் தன்னை அறியாமல், ஆறிய தேநீர் வழிய இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்து மேஜையில் தட்ட ஆரம்பித்தார். டக்கடக், டக்கடக், டக்கடக். அங்கத்தினர்கள் இருட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி கோப்பையைக் கவிழ்த்தார். அம்மையார் கவிழ்த்தார். சற்று நேரத்தில் நற்பண்புப் பாதுகாப்புச் சபை முழுவதும் தாடையில் கட்டோடு நாலுகால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

“யார் அது?” என்றார் நீதிபதி.

“படப்பெட்டி கொண்டாந்த ஆளுங்க,” என்றார் சேவகர்.

“சிரிக்க அவனுக்கு அனுமதி குடுத்தது யாரு?”

“ரொட்டிதாங்க குடுத்தேன்.”

விளக்குகள் எரிந்தன. படம் முடிந்திருந்தது. சேவகர் போட்ட கோடுகளைக் கூட்டிப் பார்த்ததில், சர்வர் தட்டோடு உள்ளே வருவதும், தட்டோடு வெளியே போவதும் மட்டும் தப்பியிருந்தன.

அங்கத்தினர்கள் கருத்துரை வழங்கினார்கள். முதலில் அம்மையார்: “சிரிப்புங்கறதே நல்ல குடும்பத்துக்கு ஒத்து வராது. என் கல்யாண போட்டோவுல நான் சிரிக்கலை. அவரும் சிரிக்கலை. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் எங்க வீட்டுல யாரும் சிரிச்சதில்லை. எவ்வளவு நிம்மதியா இருக்கோம் தெரியுமா?”

பேராசிரியர் சொன்னார்: “ஒருவன் கையில் துண்டைத் தொங்கவிட்டால் மற்றவர்களும் தொங்கவிடுவார்களாம். படித்தவர்களை இதைவிட இழிவுபடுத்த முடியாது.” தாடைக் கட்டு நெகிழ்ந்ததால் இழுத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நீதிபதி தொண்டையைச் செருமினார். “இந்தப் படத்தின் பெருங்குற்றம் அதன் பொய். ஒரு சர்வரைக் கண்ணியவான்கள் இளவரசன் என்று நம்புவார்களாம். நடக்கிற காரியமா? முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தவன் நான். ஒருவன் உள்ளே நுழையும்போது செருப்பைப் பார்ப்பேன். அவன் யார், எவர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவேன். இதோ நம் தலைவருடைய செருப்பைப் பாருங்கள்!” எல்லோரும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். கட்டைவிரல் கூச்சத்தோடு உள்ளே போனது. “ஓட்டை! தலைமுறை தலைமுறையாகச் செல்வத்தில் திளைத்தவர் காலில் மட்டுமே இப்படி ஓர் அலட்சியமான ஓட்டை இருக்க முடியும்!”

பலத்த கைதட்டல்.

“ஆகவே,” என்றார் செயலாளர், “மிச்சத்தை மட்டும் வச்சு என்ன பண்றது? படம் முழுக்கத் தடைன்னு முடிவு. தலைவர் கத்தரிக்கோலை ஒரு தடவை தொட்டுட்டாப் போதும்.” பட்டு மெத்தை சத்தக்காரர் முன்னால் வந்து நின்றது.

சத்தக்காரர் கத்தரிக்கோலைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பொழுது இன்னும் சாயவில்லை. ரத்தம் வந்தால் வரட்டும் என்று முடிச்சை அவிழ்த்தார். பஞ்சைத் துப்பினார். அது பட்டு மெத்தையில், தங்கக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

“படத்தை விட்டுடுங்க,” என்றார். “நல்ல படம். ஒரு துண்டுகூட வெட்டாதீங்க. நான் தலைவர் இல்லீங்க. கொட்டகையில சத்தம் போடுறவன்.”

“என்ன அடக்கம்!” என்றார் நீதிபதி.

“நிஜமாத்தாங்க.”

“நாம் எல்லோருமே ஒரு வகையில் சத்தம் போடுகிறவர்கள்தானே,” என்று பேராசிரியர் எழுதிக்கொண்டார்.

அப்போது வாசலில் ஒரே அமளி. கோட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று சேவகர் சொல்வதும், கோட்டை நீ போட்டுக்கோ நான் போறேன் என்று ஒரு பெண்குரல் சொல்வதும் கேட்டன. சத்தக்காரரின் மனைவி உள்ளே வந்தார்.

“என்னங்க, அங்க டிக்கெட் ஜன்னல்ல கூட்டம் முட்டுது, நீங்க இங்க நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கீங்க! ஐயையோ, பஞ்சைத் துப்பிட்டீங்களா? டாக்டர் அவ்வளவு தூரம் சொன்னாரே!” சுற்றிலும் பார்த்தார். குரல் இரக்கத்தில் இறங்கியது. “பாவம். உங்க எல்லாருக்குமா பல்லு புடுங்கிட்டாங்க?”

திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குட்டை மனிதர் ரொட்டித் துண்டோடு வெளியே வந்தார். விடாமல் கையில் வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து தலைவருக்குரிய பொன் சரிகைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

“வந்ததிலேருந்து சொல்லிட்டிருக்கேன்,” என்றார்.

நான்கு தலைகள் கீழே குனிந்தன. மேஜைக்கு அடியில் நான்கு கட்டுகள் அவசரமாக அவிழ்க்கப்பட்டன.

முதலில் சமாளித்தவர் செயலாளர்தான். “தவறு எதுவும் நடக்கலை,” என்றார். “இந்தச் சபையில் தவறு நடக்க முடியாது. நடக்க முடியாதது நடந்திருக்காது.”

தலைவர் அவரைப் பார்த்தார். கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். தலைநகரத்தில் இந்தக் கதை தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் மனதில் ஓடியது. புதுத் தலைவரை முதல் நாளே பெஞ்சில் உட்கார வைத்து ரொட்டி கொடுத்தார்கள் என்றால் அடுத்த தலைவர் வரும் வரைக்கும் சிரிப்பார்கள். “செயலாளர் சொல்றது சரி,” என்றார். “தவறு எதுவும் நடக்கலை. நான் இப்பத்தான் வந்தேன்.”

“அப்ப முன்னாடி எடுத்த முடிவு?” என்றார் நீதிபதி. “தடைதானே?”

சத்தக்காரரின் மனைவி சேலை முந்தானையை இடுப்பில் செருகினார்.

“இருங்க சாமி. டிக்கெட் குடுக்கறவ, கணக்கு எனக்குச் சீக்கிரம் புரியும். தப்பு நடந்துச்சுன்னா, ஆளை மாத்திப் புரிஞ்சுக்கறது நடக்கற காரியம்தான்னு ஆகுது. அப்ப படம் சொல்றது நெசம், எதுக்குத் தடை? தப்பே நடக்கலைன்னா, அந்த நாற்காலியில இருந்தவருதான் தலைவர். அவரு வாயைத் திறந்து சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், படத்தை விட்டுடுங்கன்னு. எதுன்னு நீங்களே பேசிக்கங்க. பெட்டியை மட்டும் இப்பக் குடுங்க, ஜனங்க நிக்கறாங்க.”

நீதிபதி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். பேராசிரியர் கூரையைப் பார்த்தார்.

“அந்த சர்வர் இடதுகைப் பழக்கக்காரன் போலிருக்கு,” என்றார் தலைவர், யாரும் கேட்காமலே. “ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கான். நானே இன்னொரு தடவை பாக்கலாம்னு இருக்கேன்.”

படம் அனுமதிக்கப்பட்டது, ஒரு வெட்டும் இல்லாமல். ஆனால் வெறுமனே விட்டால் சபையின் கௌரவம் என்ன ஆவது? படத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகட்டில் சபையின் அறிவிப்பைக் காட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதை அந்த இடத்திலேயே பேராசிரியர் மையால் எழுதிக் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் கைகூப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரிடமும் சில்லறையோடு சேர்த்து அன்றைய கதையையும் கொடுத்தனுப்பினார் சத்தக்காரரின் மனைவி. தன் புருஷன் போட்ட கோட்டு, கட்டிய கட்டு, தட்டிய கோப்பை, ஒன்றையும் விடவில்லை. முன்வரிசையில் நீதிபதியும் பேராசிரியரும் அம்மையாரும் செயலாளரும் வந்து விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஜனங்கள் ஏன் தங்கள் தாடையையே பார்க்கிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

திரைக்குப் பின்னால் சத்தக்காரர் கன்னம் வீங்கிப் போய்க் கொட்டாங்கச்சிகளை எடுத்து வைத்தார். வாயில் புதுப் பஞ்சு. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் தலைவர். தொப்பியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தார்.

“இங்கேருந்து பார்த்தாத்தான் எனக்குப் பழக்கம்,” என்றார். “அந்தக் குதிரையை நான் தட்டட்டுமா?”

சத்தக்காரர் ஒரு ஜோடியை அவரிடம் நீட்டினார்.

விளக்கு அணைந்தது. வெள்ளைத் துணியில் சபையின் அறிவிப்பு வந்தது. பின்னாலிருந்து பார்க்கையில் எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தது. தலைவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

“ஒண்ணும் பிடிபடலியே. என்ன எழுதியிருக்கு?”

சத்தக்காரருக்கு அது பால் குடிக்கிற மாதிரி. பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, வாயை முழுக்கத் திறக்காமல், கடகடவென்று படித்தார்:

“‘இக்கதை முற்றிலும் கற்பனை. கண்ணியவான்கள் ஆள் மாறி அறிவது உலகில் எங்கும், என்றும் நிகழ்வதில்லை. சபை உத்தரவு.’ அதாவதுங்க, இன்னிக்கு நீங்களும் நானும் வீட்டை விட்டே கிளம்பலையாம்.”

அதே சமயம் முன்னால் நின்று அட்டை படிப்பவரும் அதை உரக்கப் படித்து முடித்தார். பிறகு பின்வரிசையில் ஒருவர் வெடித்தார். அடுத்து பெஞ்சு பெஞ்சாக வெடித்தது. தூண்கள் அதிர்ந்தன. டிக்கெட் ஜன்னலிலிருந்து ஒரு பெண்சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பிற்பாடு அந்தச் சர்வர் குளத்தில் விழுந்தபோதுகூட அவ்வளவு சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் அம்மையாரின் தோள் லேசாகக் குலுங்கியதாகவும், அவர் பச்சைக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டதாகவும் சொல்கிறார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த அறிவிப்புக்காக இடி முழக்கும் தகரத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தார் சத்தக்காரர். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சத்தம் வராமல் அதைக் கீழே வைத்தார்.